வத்தல் வண்டி வாசலில் நிற்கும்போது: பலகாரக்காரர்களுக்கு எந்த விரைவுச் சோதனை உதவும்?

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில்தான் பலகாரமும் மசாலாப் பொடியும் செய்து விற்கிறோம். தேன்குழல், கை முறுக்கு, மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை; அப்புறம் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கறிமசாலா. என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் வேலை பார்க்கிறோம். ஆத்தா காலத்தில் கல்யாணச் சீருக்கு மட்டும் செய்துகொடுத்தது, இப்போது சென்னைக்கும் அங்கிருந்து கடல் தாண்டியும் போகிறது.

சென்ற மாசியில் ஒரு மிளகாய்த்தூள் சரக்கு திரும்பி வந்தது. வாங்கியவர் ஏற்றுமதிக்கு முன் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, கிலோவுக்கு 46 மைக்ரோகிராம். நம் நாட்டில் மசாலாப் பொருள்களுக்கு உச்ச அளவு 30. முடிவு என் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளில் அதே வத்தலில் அரைத்த தூளை உள்ளூரிலும் விற்றுவிட்டோம். கணக்கு நோட்டைப் பார்த்து வீடு வீடாகப் போய்ப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கினேன். பாதிக்கு மேல் குழம்பில் போயிருந்தது. வாங்கியவர்களில் கைக்குழந்தைக்காரிகளும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு ஆறு மாதம், விரைவுச் சோதனை என்ற பெயரில் எது வந்தாலும் விடாமல் விசாரித்தேன். சிலவற்றை வாங்கினேன், சிலவற்றை வேண்டாமென்று அனுப்பினேன். எங்களைப் போலச் சிறிய அளவில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த ஒப்பீடு பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

விற்க வருகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். 15 விநாடி, 10 நிமிடம், ஒரே நாள். நான் பார்ப்பது வேறு: முடிவு தெரியும்போது சரக்கு எங்கே இருக்கும்? வண்டியிலேயே இருந்தால் திருப்பி அனுப்பலாம். கிட்டங்கியில் மூட்டையாக இருந்தால் ஒதுக்கி வைக்கலாம். அரைத்துப் பாக்கெட் போட்டாயிற்று என்றால் நஷ்டம். கடைக்குப் போய்விட்டது என்றால் அது பாவம். ஆகவே ஒவ்வொரு சோதனையையும், அதன் விடை சரக்கை எந்த இடத்தில் பிடிக்கும் என்று வைத்தே எடை போட்டேன். வத்தலுக்கு, வண்டி வாசலில் நிற்கும்போதே விடை வேண்டும். தண்ணீருக்கு இரண்டு நாள்கூடப் பரவாயில்லை.

கண்ணாடி டம்ளர் சோதனைகள்

மிக மலிவானது இது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'டார்ட்' என்ற பெயரில் வீட்டிலேயே செய்யக்கூடிய கலப்படச் சோதனைகளைத் தொகுத்துத் தந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகாய்த்தூளைத் தூவினால், செயற்கைச் சாயம் கலந்திருந்தால் சிவப்புக் கோடுகளாக இறங்கும்; செங்கல் தூள் அடியில் நெறுநெறுவென்று தங்கும். மஞ்சள்தூள் கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, பிறகு தண்ணீர் ஊற்றியும் இளஞ்சிவப்பு போகாமல் நின்றால் மெட்டானில் மஞ்சள் சாயம் இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். வெல்லத்தில் அமிலம் பட்டு நுரைத்துப் பொங்கினால் சோடா உப்போ சாக்பீஸ் தூளோ சேர்த்திருக்கிறார்கள்.

வாங்கும் இடத்திலேயே செய்யலாம், செலவு சில ரூபாய். அதனால் இதை விடக்கூடாது. ஆனால் இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2003-ல் நம் நாட்டு மிளகாய்த்தூளில் பிரான்சில் கண்டுபிடித்தது சூடான் என்ற சாயம். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. டம்ளர் தண்ணீரில் அது கோடு காட்டாது. தண்ணீர்ச் சோதனையில் தேறிவிட்டது, ஆகவே சாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நெய்ச் சோதனையில் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உருக்கிய நெய்யில் அமிலமும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுக் குலுக்கினால், வனஸ்பதி கலந்திருந்தால் கருஞ்சிவப்பு வரும். அந்த நிறத்தைத் தருவது வனஸ்பதி அல்ல, அதில் இருக்கும் நல்லெண்ணெய். வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று சட்டமே வைத்தது இந்தச் சோதனையில் பிடிபடுவதற்காகத்தான். நம் அடுப்படியில் நல்லெண்ணெய் படாத கரண்டி கிடையாது. கரண்டியிலோ பாட்டிலிலோ ஒட்டியிருந்த எண்ணெயே நல்ல நெய்யைக் கெட்ட நெய்யாகக் காட்டிவிடும். கண்ணாடிக் குழாயையும் கரண்டியையும் இதற்கென்றே தனியாக வைக்க வேண்டும். அமிலம் அடர்த்தியானது, சமையல் நடக்கும் இடத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

மஞ்சளில் பளபளப்புக்காகச் சேர்க்கும் லெட் குரோமேட்தான் என்னைப் பயமுறுத்துவது, அதில் இருப்பது ஈயம். பங்களாதேஷில் 2019-ல் கடை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு அதிகாரிகள் மொத்தச் சந்தைக்குள் இறங்கினார்கள். எக்ஸ்கதிரைப் பாய்ச்சினால் அந்த இடத்திலேயே ஈயத்தைக் காட்டும் கருவி அது. அபராதமும் விழுந்தது, விளம்பரமும் நடந்தது. 2021-ல் அந்த விகிதம் பூஜ்யத்துக்கு வந்தது. அற்புதமான கருவி, ஆனால் லட்சக்கணக்கில் விலை, எங்களால் முடியாது. நான் தேர்ந்தெடுத்த வழி: தூளாக வாங்குவதில்லை, விரலி மஞ்சளாக வாங்கி நாங்களே அரைக்கிறோம், மினுக்கு ஏற்றாத விரலிதான் வேண்டுமென்று சொல்லிவிடுகிறோம், ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வகத்தில் ஈயத்துக்குக் கொடுக்கிறோம்.

வத்தலும் கடலையும்

எனக்கு அடிபட்ட இடம் இது, அதனால் நிறையப் படித்ததும் இதைத்தான்.

அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இது உலகுக்குத் தெரிந்தது. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்தது பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது. வறுத்தால் கொஞ்சம் குறையும், போகாது. நாம் முறுக்குச் சுடும் சூட்டுக்கெல்லாம் அது முழுசாக அழியாது.

எங்களுக்கு வத்தல் வருவது பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கமிருந்து. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் குண்டு மிளகாய்தான். பழத்தைக் களத்தில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். ராத்திரிப் பனி இறங்கி, மறுநாள் சரியாகக் காயாமல் குவித்துவிட்டால் உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளியே சிவப்பாகத்தான் இருக்கும். எங்களிடம் வேலை பார்க்கும் மூத்த அக்கா ஒருவர் வத்தலைக் காதருகே ஆட்டி, விதை கலகலவென்று சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார், பிறகு பிட்டு முகர்வார். பத்துக்கு எட்டு முறை அவர் சொல்வது சரியாக இருக்கும். மாசியில் வந்த அந்தச் சரக்கை அவர் நல்லது என்றுதான் சொன்னார். நஞ்சுக்கு வாசனை கிடையாது.

இதற்கு நான் பார்த்த வழிகள் நான்கு.

முதலாவது, புற ஊதா டார்ச். சில நூறு ரூபாய்தான். பூஞ்சை பிடித்த தானியத்தில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும் என்று காட்டி விற்கிறார்கள். மக்காச்சோளத்தில் முதல்கட்டச் சலிப்புக்கு இதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அங்கே ஒளிர்வது அஃப்ளாடாக்சின் அல்ல, அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் சார்ந்த வேறொரு பொருள். பூஞ்சை இருந்தும் நஞ்சு இல்லாமல் இருக்கலாம். நஞ்சு இருந்தும் ஒளி வராமல் போகலாம். வத்தலையும் கடலையையும் இதை நம்பி வாங்கக்கூடாது. இதற்குக் காசு போடாதீர்கள்.

இரண்டாவது, பட்டைச் சோதனை. கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே இருக்கும். அரைத்த மாதிரியை எடை போட்டு, கரைப்பானில் குலுக்கி, தெளிந்த நீரை எடுத்து, கூடவே வரும் திரவத்தில் கலந்து, பட்டையை வைக்க வேண்டும். பட்டை தன் விடையைச் சொல்லப் பத்து நிமிடத்தை ஒட்டி ஆகும்; மூட்டையைப் பிரிப்பதிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது நிமிடம். இதில் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறும் இடம்: கர்ப்பப் பட்டையில் கோடு வந்தால் 'இருக்கிறது'. இதில் நேர்மாறு. நஞ்சு இருந்தால் சோதனைக் கோடு மங்கும் அல்லது மறையும். நல்ல சரக்கில்தான் இரண்டு கோடும் பளிச்சென்று இருக்கும். அஃப்ளாடாக்சின் மிகச் சின்ன மூலக்கூறு என்பதால், நஞ்சும் பட்டையின் கோடும் ஒரே எதிர்ப்புரதத்துக்குப் போட்டி போடும் முறையில் பட்டையைச் செய்கிறார்கள், அதனால் இப்படி. எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டை மிளகாய்க்கென்று சரிபார்த்ததா? மக்காச்சோளத்துக்குச் செய்த பட்டையில் வத்தலின் சிவப்புச் சாறு ஏறினால் கோடே தெரியாது. எந்த அளவில் கோடு மறையும்? நம் நாட்டு அளவு 30. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு மொத்தம் 10, அதில் அஃப்ளாடாக்சின்களிலேயே மிகக் கொடியதான பி1 வகை 5 மட்டும்தான். கடலை என்றால் நம் நாட்டிலேயே மேற்கொண்டு பக்குவம் செய்யப் போவதற்கு 15, நேரே சாப்பிடுவதற்கு 10. 30-க்கு வெட்டும் பட்டையால் 12-ஐப் பார்க்க முடியாது. மூன்றாவது, கரைப்பான் என்ன? பல கிட்களில் 70 சதவீத மெத்தனால். அது குடித்தால் கண்ணைப் பறிக்கும் விஷம். பலகாரம் செய்யும் வீட்டுக்குள் அது வேண்டாமென்று, எத்தனாலில் செய்யும் கிட்டைத் தேடி வாங்கினேன், விலை கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவது எலைசா. 1971-ல் கண்டுபிடித்த முறை. 96 குழிகள் உள்ள தட்டு. பட்டையைப் போல இதுவும், நஞ்சோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, ஆனால் அளவை எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு முறையும் அளவு தெரிந்த கரைசல்களையும் கூடவே ஓட்டியாக வேண்டும். ஒரு நாளில் நாற்பது மாதிரி வருகிற இடத்துக்கு மலிவு. வாரத்துக்கு இரண்டு மூட்டை மாதிரி பார்க்கிற எங்களுக்கு வீண். நான்காவது, ஆய்வகத்தில், கலவையிலிருந்து நஞ்சைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி அல்லது எல்சி-எம்எஸ் கருவியில் பார்ப்பது. நாளைக்கு ஒரு தகராறு வந்தால் நிற்கப்போவது அந்த அறிக்கைதான். ஆனால் அது வரும்வரை வண்டி நிற்காது.

பட்டையைத்தான் எடுத்தேன். ஆனால் எந்த முறையை எடுத்தாலும் பெரிய பிழை நடப்பது கருவியில் இல்லை, மூட்டையில். நஞ்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஆயிரம் கடலையில் ஒன்றிரண்டு சொத்தைதான் மொத்த அளவையும் தூக்கும். அந்தச் சொத்தை உங்கள் கைப்பிடியில் வராவிட்டால் பட்டை என்ன, கோடி ரூபாய்க் கருவியும் நல்லது என்றே சொல்லும். அதனால் இப்போது இருபது மூட்டை வந்தால் இருபதையும் பிரிக்கிறோம். மேல், நடு, அடி என்று அள்ளி, இரண்டு கிலோவாகச் சேர்த்து, மொத்தத்தையும் அரைத்து, கலந்து, அதிலிருந்துதான் பட்டைக்கு எடுக்கிறோம். மேலாக ஒரு பிடி அள்ளி அரைப்பதைவிட இதற்கு வேலை நாலு மடங்கு.

செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும் கட்டத்தில் கடலை எண்ணெயிலிருந்து இந்த நஞ்சு போய்விடும். செக்கில் அந்தக் கட்டம் கிடையாது. பெரும்பகுதி பிண்ணாக்கோடு நின்றாலும் கொஞ்சம் எண்ணெயில் இறங்கும். நான் செக்கு எண்ணெயை விடப்போவதில்லை. செக்குக்குப் போகும் பருப்பை முன்கூட்டியே பட்டையில் பார்த்துவிட்டு ஆட்டுகிறேன்.

பட்டையைவிட அதிகம் உழைப்பது ஈரப்பத மானி என்பதையும் சொல்ல வேண்டும். வத்தலுக்கும் தூளுக்கும் விதிப்படி உச்சம் 11 சதவீதம், மஞ்சள்தூளுக்கு 10. சூடேற்றி எடை இழப்பைக் கணக்கிடும் ஹாலஜன் வகையை வாங்கினேன். நன்றாகக் காய்ந்த சரக்கில் பூஞ்சை புதிதாக வளராது. ஆகவே மானி நாளைய நஞ்சைத் தடுக்கும். களத்திலேயே உண்டாகிவிட்ட நஞ்சை அது காட்டாது. மாசியில் வந்த அந்தச் சரக்கின் ஈரம் 9 சதவீதம்தான். பிறகு நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டும் வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

எண்ணெய்ச் சட்டி

இங்கே முடிவு சுலபம். பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சூட்டில் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. இதற்குக் காகிதப் பட்டையும் உண்டு, மின்னணு மானியும் உண்டு. பட்டை அளப்பது எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தை. விதி கேட்பது துருவச் சேர்மத்தை. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறினாலும் ஒன்றல்ல. மானி விதி கேட்பதையே காட்டும், சூடான எண்ணெயிலேயே முக்கலாம், ஒரு நிமிடத்துக்குள் முடிவு, ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். மாதம் ஒருமுறை பலகாரம் சுடுகிறவர்களுக்குப் பட்டை போதும். தினமும் சட்டி ஏற்றுகிறவர்கள் மானி வாங்கிவிடுங்கள். முக்கும்போது நுனி இரும்புச் சட்டியில் படக்கூடாது, எண்ணெயில் ஈரம் இருக்கக்கூடாது, சலித்துக் கிளறிவிட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தையும் நுரையையும் பார்த்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு முதல் மாதமே ஒன்று தெரிந்தது: வெல்லம் சேர்ந்த அதிரசம் சுட்ட எண்ணெய் கறுத்திருந்தும் அளவுக்குள் இருந்தது, பளிச்சென்று தெரிந்த தேன்குழல் எண்ணெய் 23-ஐத் தொட்டிருந்தது.

கிருமிகள்

இந்தப் பகுதியில்தான் விரைவுச் சோதனை என்ற சொல் அதிகமாக ஏமாற்றும்.

15 விநாடியில் முடிவு தரும் ஏடிபி மானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிபி என்பது எல்லா உயிரணுக்களிலும் இருக்கும் ஆற்றல் மூலக்கூறு. மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்குக் காரணமான அதே வேதிவினைதான் இதிலும். மேடையைக் குச்சியால் துடைத்துக் குழாயில் போட்டால், அங்கே உயிர்ப்பொருள் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவு ஒளி. பால் பண்ணைக்கும் பெரிய சமையற்கூடத்துக்கும் சுத்தம் பார்க்க நல்ல கருவி. ஆனால் அது கிருமியை எண்ணுவதில்லை. மேடையில் கொஞ்சம் மாவோ மிளகாய்த்தூளோ ஒட்டியிருந்தாலே எண் எகிறும். மசாலா அறையைப் பொறுத்தவரை தண்ணீர் விட்டுக் கழுவுவதே ஆபத்து. உலர்ந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிக்கு நாமே உயிர் ஊட்டுவதாகும். அங்கே தூரிகையும் துணியும்தான். அதனால் மானியை வாங்கவில்லை.

பெட்ரிஃபிலிம் போன்ற ஆயத்தத் தகடுகள் எனக்குப் பிடித்திருந்தன. அட்டை அளவுள்ள உலர்ந்த படலம். மாதிரியைக் கரைத்து ஒரு மில்லி ஊற்றி, 35 டிகிரியில் அடைகாக்க வேண்டும். குடல்வகைக் கிருமிகள் 24 மணி நேரத்தில் குமிழியோடு சிவப்புப் புள்ளியாக எழும், ஈ.கோலை 48 மணி நேரத்தில் நீலமாகத் தெரியும். பூஞ்சைத் தகட்டுக்கு ஐந்து நாள்வரை. மாவுருண்டை பிடிக்கும் கைகள் சுத்தமா, பாக்கெட் போடும் மேசை சுத்தமா என்பதை வாரம் ஒருமுறை இதில் பார்க்கலாம். விடை மறுநாள்தான் வரும், ஆனால் இது சரக்கை நிறுத்துவதற்கான சோதனை இல்லை, பழக்கத்தைத் திருத்துவதற்கானது. அதற்கு மறுநாள் போதும். புள்ளி எழுந்த தகட்டை எங்கள் பெண்களுக்குக் காட்டிய அன்றைக்கு வந்த மாற்றம், நான் ஒரு வருடம் சொல்லிச் சொல்லி வராதது. கிருமியை வளர்க்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. அடைகாக்கும் பெட்டி பலகார அறையில் இருக்கவே கூடாது. பார்த்து முடித்த தகடுகளைப் பிரிக்காமல் அதற்கென்றே ஒதுக்கிய பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறோம்.

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி வேறு கதை. மசாலாவில் 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. காய்ந்த பொருளில் கிருமி ஏது என்று நினைப்போம். 2008-09-ல் அமெரிக்காவில் கடலை வெண்ணெயில் பரவி 700 பேருக்கு மேல் படுத்து, 9 பேர் இறந்தார்கள். உலர்ந்த பொருளில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் செத்தும் போகாது. காய்ந்த நிலையில் சூட்டையும் அதிகம் தாங்கும். இதை வீட்டில் வளர்த்துப் பார்க்கும் எந்தக் கிட்டையும் வாங்காதீர்கள். ஆய்வகம்தான்.

ஆய்வகத்தில் இரண்டு வழி. பழைய முறையில் ஊட்டத் திரவம், தேர்வுத் திரவம், தட்டு, உறுதிசெய்தல் என்று ஐந்து நாளை ஒட்டி ஆகும். பிசிஆரில் முதல் இரவு ஊட்டத் திரவத்தில் வளர்த்துவிட்டு மறுநாள் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்ப்பதால், ஒரு நாளில் இல்லை என்று சொல்லிவிடலாம். விளம்பரத்தில் வரும் 'ஒரு மணி நேர பிசிஆர்' அந்த இரவைக் கணக்கில் சேர்க்காதது. கட்டணம் கூடுதல். பாக்கெட்டை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு நான்கு நாள் மிச்சமாவது பெரிது. எங்களைப் போல மாதம் ஒரு சரக்கு அனுப்புகிறவர்கள் பழைய முறைக்குக் காத்திருக்கலாம்.

எந்த வழியானாலும் நம் கறிமசாலாவில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. கிராம்பும் இலவங்கப்பட்டையும் கிருமியை அடக்கும் பொருள்கள். மாதிரியை வழக்கம்போல ஒன்றுக்கு ஒன்பது என்று கரைத்தால், கிராம்பின் காரமே ஊட்டத் திரவத்தில் கிருமியை வளரவிடாது. முடிவு 'இல்லை' என்று வரும். கிருமி இருந்திருக்கும், வளர்ந்திருக்காது. அதனால்தான் இலவங்கப்பட்டையை நூறு மடங்கும் கிராம்பை ஆயிரம் மடங்கும் நீர்க்கச் செய்து சோதிக்க வேண்டுமென்று முறை இருக்கிறது. பூண்டு, வெங்காயத் தூளுக்குத் தனியாக ஓர் உப்பைச் சேர்ப்பார்கள். உங்கள் ஆய்வகத்திடம் கேளுங்கள்: எங்கள் மசாலாவில் தெரிந்த கிருமியை நீங்களே சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஆய்வகத்தைத்தான் நான் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சரக்கில் நூற்றுக்கு ஐந்து பாக்கெட்டில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாக்கெட் எடுத்துச் சோதித்தால் அது பிடிபடும் வாய்ப்பு 23 சதவீதம்தான். 95 சதவீதம் வேண்டுமென்றால் அறுபது பாக்கெட் எடுக்க வேண்டும். அறுபதுக்குக் கட்டணம் கட்ட யாரால் முடியும்? ஆகவே சால்மோனெல்லாவுக்கு என் பணம் பெரும்பாலும் சோதனையில் போகவில்லை: வறுத்த பொருள் பச்சைப் பொருளோடு சேராமல் தனி அறை, பல்லியும் எலியும் நுழையாத வலை, அரவைக்கு எங்களுக்கே என்று ஒரு சின்ன மில். முன்பு வெளி மில்லில் யாருடைய மல்லிக்குப் பின்னால் எங்கள் மசாலா அரைபட்டது என்று தெரியாமலே இருந்தோம்.

தண்ணீருக்கு ஹெச்2எஸ் பாட்டில். 1982-ல் குவாலியரில் ராணுவ ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை. ஆழ்குழாய்த் தண்ணீரைக் கோடுவரை ஊற்றி வைத்தால், மலக் கலப்பு இருக்கிறபோது ஒன்றிரண்டு நாளில் கறுப்பாகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துச் சொல்லலாம். மழைக்காலத்தில் மாதம் இருமுறை, மற்ற நாளில் ஒருமுறை. இதைவிட விலைக்குத் தகுந்த சோதனை இந்தக் கட்டுரையிலேயே கிடையாது.

எதை வாங்குவது

வீட்டளவில் பலகாரம் மட்டும் செய்கிறீர்கள் என்றால்: தண்ணீர்ப் பாட்டில், எண்ணெய்ப் பட்டை, டம்ளர் சோதனைகள். மசாலாவும் அரைக்கிறீர்கள் என்றால் ஈரப்பத மானியும் அஃப்ளாடாக்சின் பட்டையும் கட்டாயம். எண்ணெய் மானி அடுத்தது. ஏடிபியும் எலைசாவும் எங்கள் அளவில் வேண்டாம். பிசிஆர் ஆய்வகத்தில் இருக்கட்டும்.

தகடுகளையும் அடைகாக்கும் பெட்டியையும் பொறுத்தவரை நான் தனியாக வாங்கவில்லை. தகடுகள் கட்டாக வருகின்றன, காலாவதித் தேதி உண்டு. கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் இதே தொழில் செய்யும் இரண்டு வீட்டாரோடு சேர்ந்து வாங்கி, கோட்டையூர் வீட்டு முகப்பு அறையில் வைத்திருக்கிறோம். அஃப்ளாடாக்சின் பட்டைகளையும் சேர்ந்தே வாங்குகிறோம். சித்திரை வெயிலில் பட்டை கெட்டுவிடும் என்பதால் அவை குளிர்சாதனப் பெட்டியில்.

கிட்டை நம்பலாமா என்பதற்கு ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். முதல் மூன்று மாதத்தில் சில மாதிரிகளை, ஒவ்வொன்றையும் நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பட்டையிலும் மற்றதை, ஆய்வகங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலும் பார்த்தோம். எட்டில் ஏழு ஒத்துப்போனது. ஒத்துப்போகாத ஒன்றில் பட்டை கோடு மங்கியதாகக் காட்டியது, ஆய்வகம் 24 என்றது. அது எங்களுக்குச் சம்மதமான தவறு. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மிலும் உணவுப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வக அறிக்கை எடுத்தாக வேண்டும். எந்தக் கிட்டும் அதற்கு மாற்றாகாது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் தாங்கள் வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம், 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நம் பக்கத்துக்கு அருகில் மதுரையிலும் தஞ்சாவூரிலும் அரசு ஆய்வகங்கள் உண்டு.

முதல் முறை வண்டியை நிறுத்தி மூட்டை பிரித்தபோது, எங்களுக்கு வத்தல் போடும் வியாபாரி வருத்தப்பட்டார். "ஆச்சி, உங்க ஆத்தா காலத்துல இருந்து போடுறோம், எங்களையே சோதிக்கிறீகளா?" என்று கேட்டார். மாசியில் வந்த அறிக்கையை எடுத்துக் காட்டினேன், யார் யார் வீட்டுக்குப் போய்ப் பாக்கெட் வாங்கினேன் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரம் இருபது மூட்டையில் நான்கைத் திருப்பி எடுத்துப் போனார். இப்போது அவரே களத்து வாரியாகப் பிரித்து, எந்தக் களத்துச் சரக்கு எந்த மூட்டை என்று சாக்கில் மை போட்டுக் கொண்டுவருகிறார். நாற்பது நிமிடம் ஆகும் என்று தெரியும். வண்டியை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு, டிரைவரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.